பெண்ணில்லாத தேசம்

கதைப் புத்தகம் என்றால் நமக்கு வெகு காலமாகவே ஓர் அலட்சியம் உண்டு. புராணப் புளுகுகளால் பாழான ஜனங்களுக்குப் புதிய புளுகுகள் வேறு எதற்கு என்பதும், ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தால் அதில் ஒரு நல்ல வியாசத்தைப் படித்து நாலு பேருக்கு எடுத்துச் சொல்லலாமே என்பதும் நமது அபிப்பிராயமாக இருந்து வந்தது. அந்த அபிப்பிராயம் பிசகு என்று நமக்குக் காட்டியவை ஒரு 17 வயதுப் பெண்ணின் கேள்வியும், அவள் மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் நாவலுமாகும். அந்த விஷயத்தை வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மதுரைக்கு மேற்கே செக்கானூரணிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நமக்குக் கூட்டம். பேசவேண்டிய விஷயம் விஞ்ஞானமும் பெண் விடுதலையும். நாம் வழக்கம்போல் பெரியாருடைய "இனிவரும் உலகம்" என்ற நூலிலிருந்து எடுத்துச் சொன்னோம். ஒவ்வொருவர் பையிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும் என்றும், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளைப்பேறு உண்டாக வழி ஏற்படும் என்றும் அவர் 1940களிலேயே சொன்னார். இன்று ஆடு மேய்ப்பவர் மடியிலும் செல்போன் இருக்கிறது. 1978இல் இங்கிலாந்தில் சோதனைக் குழாய் முறையில் குழந்தை பிறந்தேவிட்டது. ஆகவே விஞ்ஞானம் வளர வளரப் பெண்ணடிமை தானாகவே ஒழிந்துபோகும் என்று சொல்லி முடித்தோம். ஜனங்களும் நன்றாகக் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து ஒரு தோழர் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, அவருடைய மகள் நமக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "மாமா, விஞ்ஞானம் வந்தால் பெண்ணுக்கு விடுதலை என்று சொன்னீர்களே. நான் படித்த கதையில் விஞ்ஞானம் வந்ததால்தான் பெண்ணே இல்லாமல் போனாள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "கதைதானே அம்மா" என்றோம். "கதைதான் மாமா. ஆனால் நம்ம ஊரில் நடந்ததுதானே?" என்றாள். அவள் தகப்பனார் தலையைக் குனிந்து கொண்டார். நாமும் இலையைப் பார்த்துக் கொண்டோம். மறுநாள் பஸ் ஏறும்போது அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

நமது இங்கிலீஷ் அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு படிக்கிற இங்கிலீஷ். ஆகையால் படித்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புத்தகத்தின் பெயர் "எஸ்கேப்", அதாவது தப்பிப்பு. எழுதியவர் மஞ்சுளா பத்மநாபன் என்ற அம்மையார். வெளிவந்த வருஷம் 2008. இதே அம்மையார் ஏழைகளின் உடல் உறுப்புகளைப் பணக்கார நாட்டார் விலைக்கு வாங்குவதைப் பற்றி "ஹார்வெஸ்ட்" என்றொரு நாடகம் எழுதி, அதற்காகக் கிரேக்க நாட்டில் 1997இல் ஒனாசிஸ் பரிசு பெற்றவர்.

வரப்போகும் கேட்டை முன்கூட்டியே காட்டி மிரட்டும் இத்தகைய கதைகளுக்கு இப்பொழுது உலகமெங்கும், முக்கியமாக வாலிபர்களிடத்தில், நல்ல கிராக்கி இருக்கிறது. ஜப்பானில் 1999இல் வந்த "பேட்டில் ராயல்" என்ற நாவலில் சர்க்காரே ஒரு வகுப்புப் பள்ளிப் பிள்ளைகளைத் தீவுக்குக் கொண்டுபோய், ஒருவர் மிஞ்சும் வரையில் ஒருவரையொருவர் கொன்று கொள்ளும்படி ஏவுகிறது. அமெரிக்காவில் 2008இல் வந்த "ஹங்கர் கேம்ஸ்" நாவலும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. வயது வந்தவர்கள் சீர்கேடாக்கி வைத்திருக்கும் உலகத்தில் தாங்கள் எப்படிப் பிழைப்பது என்ற கவலை பிள்ளைகளுக்கு இருப்பதால்தான் அவர்கள் இவற்றைத் தேடிப் படிக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தக் கவலையை நாம் விளையாட்டாக எண்ணிவிடக் கூடாது.

இனி கதைக்கு வருவோம். ஒரு தேசம். அதன் பெயர் சொல்லப்படவில்லை. அங்கே ஜெனரல்கள் என்ற ஒரு கூட்டத்தார் ஆளுகிறார்கள். ஓர் உடலிலிருந்து அதே அச்சில் இன்னோர் உடலை உண்டாக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்து விட்டது. பிள்ளை பெறப் பெண் வேண்டியதில்லை என்று ஆனவுடனே, பெண்ணே வேண்டியதில்லை என்று தீர்மானித்து நாட்டிலுள்ள பெண்களை எல்லாம் பூண்டோடு ஒழித்து விட்டார்கள். பெண்கள் என்ற பெயரைக்கூடச் சொல்லாமல், பயிரை அழிக்கும் எலி, பூச்சிகளைச் சொல்கிற சொல்லால் அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். ஊழியம் செய்வதற்கென்று ஒரு கூட்டத்தைத் தனியாக உற்பத்தி செய்து வைத்திருக்கிறார்கள். ஊழியத்துக்கென்றே பிறந்த கூட்டம் என்றால் நமக்குப் புதிதா? காலில் பிறந்தவன் என்று நமது சாஸ்திரங்கள் எழுதி வைத்ததற்கு மேல் இதில் என்ன அதிசயம் இருக்கிறது?

அந்தத் தேசத்தில் மெய்ஜி என்ற ஒரே ஒரு சிறு பெண் மட்டும் தப்பி இருக்கிறாள். அவளை மூன்று சகோதரர்கள் ஒளித்து வளர்க்கிறார்கள். மூத்தவர், நடுவர், இளையவர் என்பதே அவர்களுக்குப் பெயர். பெண் என்றால் என்ன என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தன்னைப்போல் வேறொருத்தியை அவள் கண்டதும் இல்லை. இனி ஒளித்து வைக்க முடியாது என்ற நிலை வந்ததும், அவளுக்கு ஆண்பிள்ளை வேஷம் போட்டு, இளையவர் அவளை அழைத்துக்கொண்டு தேசத்தின் எல்லையைத் தாண்டப் புறப்படுகிறார். அந்தப் பிரயாணந்தான் கதை. 2015இல் இதற்குத் தொடர்ச்சியாக இன்னொரு நாவலும் வந்திருக்கிறது.

இதைப் படித்த நமது நண்பர் ஒருவர், "இது வீண் கற்பனை. பெண்களை ஒழித்து எந்தத் தேசமாவது வாழ முடியுமா?" என்றார். முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் முடியாத காரியத்தை மனிதன் செய்ய ஆரம்பிக்க மாட்டான் என்பதற்கு என்ன ஜாமீன்? இந்தியாவில் ஜனக்கணக்கு எடுக்கிற சர்க்கார் கற்பனைக் கதை எழுதுவதில்லை. 6 வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் எத்தனை என்று அவர்கள் எண்ணியதில், 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 920க்கும் கீழே. 20 வருஷத்தில் இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போயிற்று என்று பாருங்கள். ஜெனரல்கள் செய்ததாகக் கதையில் வருவதை, நாம் ஜெனரல்கள் இல்லாமலே, வீட்டுக்கு வீடு, மெள்ள மெள்ளச் செய்து வந்திருக்கிறோம் என்பதுதானே இதன் அர்த்தம்?

அந்தப் பெண் "நம்ம ஊரில் நடந்தது" என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. மதுரையிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உசிலம்பட்டி. 1986 ஜூன் மாதத்தில் "இந்தியா டுடே" பத்திரிகை அந்த வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைப் பற்றி எழுதியபோது தேசமே வாயில் கைவைத்தது. கள்ளிப்பால் என்ற சொல்லுக்கே அதன்பிறகு வேறு அர்த்தம் உண்டாகி விட்டது. 1992இல் அரசாங்கம் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்து, 2001இல் மதுரை, தேனி முதலிய ஜில்லாக்களுக்கும் அதை நீட்டியது. 1994இல் பாரதிராஜாவின் "கருத்தம்மா" படம் வந்து ஊர் ஊராக ஜனங்களை அழ வைத்தது. அழுது முடித்துக் கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் வரதட்சணையை விட்டார்கள் என்று மட்டும் நாம் கேட்கக் கூடாது போலும்!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உசிலம்பட்டி என்றவுடன் அங்குள்ள ஒரு ஜாதியாரைச் சுட்டிக்காட்டி, "அவர்கள் அப்படித்தான்" என்று சொல்லித் தங்கள் கையைக் கழுவிக் கொள்கிற பெரிய மனிதர்கள் உண்டு. இதே ஜனங்களைத்தான் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தி, ஆண்பிள்ளைகளின் கைரேகையை உருட்டி வாங்கிற்று. அதற்கு இணங்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. கொல்லுவதற்கு முன் ஒரு கெட்ட பெயர் வைப்பதென்பது ஆளுகிறவர்களின் பழைய தந்திரம். கதையில் ஜெனரல்கள் பெண்களுக்குப் பூச்சி என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் ஓர் ஊர் முழுவதற்கும் குற்றவாளி என்று பெயர் வைத்தான். நாம் பிறந்த பெண் குழந்தைக்குச் "செலவு" என்று பெயர் வைத்தோம். இந்தக் கடைசிப் பெயரை வைத்தவர்கள் எல்லா ஜாதியிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். கள்ளிப்பால் கொடுத்தவள் கைநாட்டுக்காரி என்று ஏளனம் செய்தவர்கள் நகரத்தில் என்ன செய்தார்கள் என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

செலவு என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நமது ஜில்லாவில் வயதானவர்களைக் கேட்டால், அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள் என்று சொல்லுவார்கள். வைகை அணை 1959இல் வந்தது. வாய்க்கால் தண்ணீர் எட்டிய இடத்தில் கொஞ்சம் நெல்லும் கையில் கொஞ்சம் காசும் புரண்டது. காசு வந்தவுடன் மேல்ஜாதியார் வழக்கமும் கூடவே வந்தது. பரிசம் போய்ச் சீதனம் வந்தது. காதுகுத்துக்கு ஒரு செலவு, சடங்குக்கு ஒரு செலவு, கலியாணத்துக்கு இத்தனை பவுன், வளைகாப்பு, முதல் பிரசவம், தலைத்தீபாவளி, பிறகு பேரப்பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் என்று, ஒரு பெண் பிறந்த வீட்டுக் கணக்கு அவள் சாகும்வரை மூடப்படுவதில்லை. ஆண்பிள்ளை வரவு என்றும் பெண்பிள்ளை பற்று என்றும் எழுதி வைத்த கணக்கில், எழைக் குடித்தனக்காரன் பற்றைக் குறைக்கப் பார்க்கிறான். அவனைத் தூக்கில் போட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தை மட்டும் பூஜையில் வைத்துக் கும்பிட்டால் கொலை நிற்குமா?

அந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதியது யார்? "புத்" என்னும் நரகத்திலிருந்து தகப்பனைக் கரையேற்றுகிறவன் ஆகையால் அவன் புத்திரன் என்று மனு சொல்லுகிறது. பெண்ணானவள் இளமையில் தகப்பனுக்கும், பருவத்தில் புருஷனுக்கும், முதுமையில் மகனுக்கும் அடங்கி நடக்கவேண்டும் என்றும் அதே மனு சொல்லுகிறது. கொள்ளிவைக்க ஆண்பிள்ளை இல்லாதவன் கதி என்ன ஆகும் என்று திதிக்குத் திதி புரோகிதன் பயமுறுத்துகிறான். இல்லாத நரகத்துக்குப் பயந்து, இருக்கிற குழந்தையைக் கொன்றவனுக்கு அறிவில்லை என்கிறோம். சரிதான். அந்த நரகத்தைக் கட்டி அதற்கு வாசலும் வைத்துக் கட்டணமும் வசூலித்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்கிறோம்.

ஏன், நமது மதுரைக் கதையையே எடுத்துக் கொள்ளுவோமே! மலயத்துவச பாண்டியன் பிள்ளை வேண்டி யாகம் செய்தானாம். நெருப்பிலிருந்து மூன்று ஸ்தனங்களோடு ஒரு பெண் குழந்தை வந்ததாம். ராஜா வருத்தப்பட்டானாம். உடனே அசரீரி, "இவளை ஆண்பிள்ளைபோல் வளர்த்து முடிசூட்டு, புருஷனைக் காணும்போது மூன்றாவது ஸ்தனம் மறையும்" என்று சொல்லிற்றாம். அந்தத் தடாதகைதான் மீனாட்சி என்று திருவிளையாடல் கூறுகிறது. கடவுளாகவே வந்து பிறந்தாலும் பெண்ணாய்ப் பிறந்தால் வரவேற்பு வருத்தந்தான் என்பதைக் கவனியுங்கள். ஆண்வேஷம் போட்டால்தான் அவளுக்குப் பிழைப்பு. புதிய கதையில் மெய்ஜிக்கும் அதே கதிதான். சித்திரையில் அம்மனுக்குப் பட்டாபிஷேகம், அடுத்த நாள் திக்கு விஜயம், அதற்கடுத்த நாள் திருக்கல்யாணம். எட்டுத் திசையையும் ஜெயித்தவள் புருஷனைக் கண்டதும் அடங்கினாள் என்பதே அந்த உற்சவத்தின் சாரம். அதைப் பார்க்க லக்ஷக்கணக்கில் கூடுகிற ஜனங்கள், கல்லிலே செய்த பெண்ணுக்குக் கிரீடம் வைத்துவிட்டுச் சதையும் ரத்தமுமாகப் பிறந்த பெண்ணுக்குக் கள்ளிப்பால் வார்த்த ஜில்லா இது என்பதை ஒரு நிமிஷமாவது யோசித்தார்களா?

இது நிற்க, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. மதம் கொன்றது என்று சொல்லுவது நமக்கு எளிது. அவள் கேட்டது விஞ்ஞானத்தைப் பற்றி.

யோசித்துப் பார்த்ததில், அவள் சொன்னது உண்மை என்றே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1970களில் கருவிலுள்ள நோயைக் கண்டுபிடிப்பதற்கென்று பனிக்குட நீர்ச் சோதனை இந்தியாவுக்கு வந்தது. பிறகு ஸ்கேன் யந்திரம் வந்தது. தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுவதற்காக மனித அறிவு கண்டுபிடித்த அருமையான சாதனங்கள் அவை. அவற்றை நமது படித்த கனவான்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? இப்போது சொற்பப் பணம் செலவழித்தால் பின்னால் சீதனச் செலவு மிச்சம் என்ற கருத்தில் வடநாட்டில் விளம்பரமே செய்தார்கள். கள்ளிப்பால் கொடுத்த கிராமத்துக் கிழவியைக் காட்டுமிராண்டி என்று சொன்ன பட்டணத்துப் பட்டதாரிகள், அதே காரியத்தைக் குளிர்பதன அறையில், ரசீது வாங்கிக்கொண்டு செய்தார்கள். 1994இல் பார்லிமெண்டில் சட்டம் செய்து, 2003இல் அதை இறுக்கி, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லுவது குற்றம் என்று ஸ்கேன் நிலையந்தோறும் பலகை மாட்டவேண்டியதாயிற்று. பலகை சுவரில் இருக்கிறது. சீதனக் கணக்கோ மனதில் இருக்கிறது.

ஆகவே, விஞ்ஞானம் வந்தால் மூடத்தனம் தானே ஓடிவிடும் என்று நாம் மேடைதோறும் பேசி வந்தது பாதிதான் சரி. யந்திரம் புதியது, அதை இயக்குகிறவன் மூளையில் மனு இருந்தால், அந்த யந்திரம் மனுவின் வேலையையே மனுவைவிட வேகமாகச் செய்யும். ஜாதகம் எழுதக் கம்ப்யூட்டர் வந்துவிடவில்லையா? அதுபோலத்தான் இதுவும். கத்தி வைத்தியன் கையில் இருந்தால் உயிரைக் காப்பாற்றும், கொலைகாரன் கையில் இருந்தால் உயிரை வாங்கும் என்று குழந்தையும் அறியும். நாம் கத்தியின் பெருமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, கையைப் பற்றிப் பேசக் கொஞ்சம் மறந்து விட்டோம்.

இதற்கு மாறான ஒரு கதையும் உண்டு. அதுவும் நமது சென்னையிலேயே வெளிவந்தது என்பது பலருக்குத் தெரியாது. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற முஸ்லிம் அம்மையார் 1905இல் "சுல்தானாவின் கனவு" என்று ஓர் இங்கிலீஷ் கதை எழுதி, சென்னையிலிருந்து வந்த "இந்தியன் லேடீஸ் மாகஸின்" என்ற மாதர் பத்திரிகையில் வெளியிட்டார். அதிலே பெண்கள் ஆளுகிறார்கள். ஆண்கள் கோஷாவில் இருக்கிறார்கள். பெண்கள் சர்வகலாசாலை வைத்து, மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கவும், சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்துச் சமைக்கவும் கற்றுக் கொள்ளுகிறார்கள். அதே வெப்பத்தைப் படையெடுத்து வந்தவர்கள்மேல் திருப்பி, ஆண்களால் தடுக்க முடியாத பகைவரைத் துரத்துகிறார்கள். எழுதியதோடு நில்லாமல், அந்த அம்மையார் 1911இல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்த ஆரம்பித்தார்.

இப்பொழுது மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1905இல் ரொக்கையா எழுதியதிலும் விஞ்ஞானம், பெரியார் சொன்ன இனிவரும் உலகத்திலும் விஞ்ஞானம், 2008இல் மஞ்சுளா பத்மநாபன் எழுதியதிலும் விஞ்ஞானம். முதலாவதில் அது பெண்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதில் ஜாதியும் மதமும் உடைமை வித்தியாசமும் ஒழிந்த ஜனங்களுக்குப் பொதுவாய் இருக்கிறது. மூன்றாவதில் சில ஜெனரல்கள் கையில் மட்டும் இருக்கிறது. பிள்ளைப்பேற்றிலிருந்து பெண்ணுக்கு விடுதலை வேண்டும் என்று பெரியார் சொன்னது, பெண்ணை மனுஷியாக வாழவிட வேண்டும் என்பதற்காக. ஜெனரல்களோ பிள்ளைப்பேற்றுக்குப் பெண் வேண்டாம் என்றானதும், வேறெதற்கு அவள் என்று கேட்டார்கள். பெண்ணைப் பிள்ளை பெறும் யந்திரமாக மட்டும் மதித்தவனுக்கு, அதைவிட நல்ல யந்திரம் கிடைத்தால் பழைய யந்திரத்தைக் குப்பையில் போடத்தானே தோன்றும்? ஆகையால் பெரியார் சொன்ன வரிசையை நாம் தலைகீழாகப் புரிந்து கொண்டு பேசக்கூடாது. சமத்துவம் முன்னே, யந்திரம் கூடவே. யந்திரம் முன்னே வந்து சமத்துவம் பின்னே வரும் என்று காத்திருந்தால், வந்து சேருவதற்குள் பெண் இருக்கமாட்டாள்.

இனி நம்மவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 1946 மே மாதத்தில் வைகை மணலில் நடந்த கருப்புச்சட்டை மாநாட்டுப் பந்தலைக் கொளுத்தினார்கள். அன்றைக்கு எதிரி வெளியே நின்றான். அவனைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இன்றைக்கோ எதிரி நமது வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். 1929இல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். 60 வருஷம் கழித்து 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் இந்தியா முழுவதிலும் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. அதன்பிறகு நடப்பது என்ன? அண்ணன் தம்பிகள் தங்கையைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப்போய், ஒரு பட்டுச்சேலையும் ஒரு வேளைச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து, பங்கை விட்டுக் கொடுத்ததாக எழுதி வாங்கிக் கொள்ளுகிறார்கள். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, பத்திர ஆபீசில் இந்த விடுதலையை வாங்குகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறோம்.

பிறரைச் சொல்லுவானேன்? நமக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, பார்க்க வந்தவர்கள், "போகட்டும், மகாலட்சுமிதானே, வருத்தப்படாதீர்கள்" என்றார்கள். நாம் வருத்தப்படவில்லை. ஆனால், "வருத்தப்பட இதில் என்ன இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கவும் இல்லை. சிரித்துக்கொண்டு காப்பி கொடுத்தோம். மகாலட்சுமி என்ற சொல்லை மட்டும் மனதிற்குள் கண்டித்தோம்! உள்ளே இருந்தவள் காதில் அந்த ஆறுதல் எப்படி விழுந்திருக்கும் என்று இந்தக் கதையைப் படித்த பிறகே நமக்கு உறைத்தது.

ஆகையால் நாம் தோழர்களுக்குச் சொல்லிக்கொள்வது இதுதான். சீதனம் வாங்கும் கலியாணம் சுயமரியாதைக் கலியாணம் அல்ல. தாலி இல்லாவிட்டாலும் அல்ல. அதற்கு நாம் பேச்சாளராகப் போகக்கூடாது. பெண்ணின் பங்கை எழுதி வாங்குகிற வீட்டில் கிளைக் கூட்டம் நடத்தக்கூடாது. ஸ்கேன் நிலையத்தில் ஜாடை காட்டிச் சொல்லுகிறார்கள் என்று தெரிந்தால், நமக்கேன் வம்பு என்றிராமல் ஜில்லா அதிகாரிக்கு எழுத வேண்டும். பெண் பிறந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு முன்னால் நாம் சந்தோஷத்தைச் சொல்லப் போகவேண்டும். இவை எல்லாம் பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் இவற்றைச் செய்யாமல் இனிவரும் உலகத்தைப் பற்றி எத்தனை மணி நேரம் பேசினாலும், வருகிற உலகம் ஜெனரல்களுடைய உலகமாகத்தான் இருக்கும்.

கதைகளைப் பற்றி நமக்கிருந்த அலட்சியத்தையும் இதோடு விட்டுவிடுகிறோம். பழைய புராணம், நடந்ததென்று சொல்லி நம்மை நம்பச் சொல்லிற்று. கேட்டால் பாவம் என்றது. இந்தக் கதைகளோ, இது கற்பனை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, இப்படி நடக்கவிடலாமா என்று நம்மைக் கேட்கின்றன. அது புராணத்துக்கு நேர் விரோதமான வேலை, பகுத்தறிவின் வேலை. நமது வாசகசாலைகளில் இவற்றை வாங்கி வைத்து, இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் தெரியாத பெரியவர்களுக்கு வாரம் ஓர் அத்தியாயமாகத் தமிழில் சொல்லட்டும். பெண்களும் வந்து உட்காரட்டும், அவர்களே சொல்லட்டும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற வாரம் அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தோம். "நீ கேட்டது சரி அம்மா, நாங்கள் சொன்னதில்தான் குறை" என்று அவளிடம் சொன்னோம். "அப்படியானால் அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லுவீர்களா, மாமா?" என்று கேட்டாள். நாம் சொல்லுவதைவிட அவளே சொல்லுவதுதான் நியாயம். ஆகையால் அடுத்த மாதம் அதே கிராமத்தில் நடக்கும் கூட்டத்தில் அந்தப் பெண் பேசுவாள். நாம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்போம். அக்கம்பக்கத்துத் தோழர்கள் குடும்பத்தோடு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரவேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.